பீரங்கி வண்டி செய்யலாமா?



விடுமுறை வந்தால் போதும், "பொழுதே போகலை" என்ற புலம்பல் பல வீடுகளில் கேட்கிறது. அப்படிச் சொல்வோருக்கு ஒரு வேலை தருகிறேன். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, ஒரு பீரங்கி வண்டி, அதுதான் டாங்க், செய்து பாருங்கள்.

"சண்டை வண்டியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?" என்று பெரியவர்கள் கேட்பர். நியாயமான கேள்விதான். கம்ப்யூட்டர் விளையாட்டில் பொத்தானை அழுத்தினால் நொடியில் பத்து டாங்க் வெடிக்கும். உள்ளே யார் இருந்தனர் என்று நினைக்கவும் நேரமில்லை. கையால் செய்பவருக்கோ, உள்ளே எத்தனை பேர், எங்கே உட்கார்ந்தனர் என்பதெல்லாம் தெரிய வரும். அதனால்தான் செய்யச் சொல்கிறேன்.

சோவியத் யூனியன் 1944ல் களமிறக்கிய டி-34/85 வண்டியை எடுத்துக் கொள்வோம். எடை 32 டன். அகலம் 3 மீட்டர். உள்ளே ஐந்து பேர். மாதிரி வண்டிகள் பெரும்பாலும் 35ல் ஒரு பங்கு அளவில் வருகின்றன. 300 செ.மீ.யை 35ஆல் வகுத்துப் பாருங்கள். எட்டரை செ.மீ. வருகிறதா? 175 செ.மீ. உயர வீரர், வெறும் 5 செ.மீ. ஆகி விடுவார்! அதென்ன 35? ஜப்பானின் டாமியா நிறுவனம், 1960களின் துவக்கத்தில், மோட்டாரும் பேட்டரியும் வைக்க இடம் பார்த்தபோது அமைந்த அளவு அது.

துண்டுகளைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்க்காதீர்கள். வெட்டி எடுத்து, முனையை உப்புத்தாளில் தேயுங்கள். பிளாஸ்டிக் பசை, விளிம்புகளை இளக்கி ஒன்றாக்கி விடும். பிறகு பிரிப்பது கஷ்டம். எனவே, பசை தடவும் முன் பொருத்திப் பாருங்கள். அதன் நெடி நல்லதல்ல. ஜன்னலைத் திறந்து, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கத்தி வேலையும் அவருடையதே.

பலர் பீரங்கி பொருத்திய மேல்கூட்டைக் கண்ணாடி போல் வழவழப்பாக்கி விடுகின்றனர். அங்குதான் கோட்டை விடுகின்றனர்! 1941ல் ஜெர்மன் படை நெருங்கியபோது, கார்கிவ் நகரின் டாங்க் தொழிற்சாலையையே பெயர்த்து, ரயிலில் ஏற்றி, யூரல் மலைப்பகுதியின் நிஷ்னி தகிலுக்குக் கொண்டு போயினர். அந்த அவசரத்தில், வார்த்த எஃகை மெருகேற்ற யாருக்கு நேரம்? சொரசொரப்பாகவே களத்துக்குப் போனது. பழைய பிரஷ்ஷில் கெட்டியான பெயின்ட்டைத் தொட்டுக் குத்திக் குத்தி எடுங்கள். அதே சொரசொரப்பு வரும்.

சேறு சக்கரத்தில் இருக்கட்டும், கூரையில் எதற்கு? துருவும் கொஞ்சம் போதும்.

முன்பக்கம் ஓட்டுனரின் மூடி இருக்கிறதே, அதை மூடினால் வெளியே சரியாகத் தெரியாது. ஆபத்து என்று தெரிந்தும், பலர் திறந்து வைத்தே ஓட்டினர். நீங்களும் அதைத் திறந்த நிலையிலேயே ஒட்டுங்கள்.