விடையைத் தள்ளிப்போடும் வகுப்பு

எட்டு மாணவர்கள், ஒரு மேசை, ஒரு தாள். தாளில் இருப்பவை சில வரிகள்தான். வயது 45, பெண், விவசாயக் கூலித் தொழிலாளி. ஏழு நாளாக விடாத காய்ச்சல், தலைவலி. இரண்டு நாளாக வறட்டு இருமல். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளுக்குக் குறையவில்லை. மாதம் நவம்பர்.

ஒருவர் டெங்கு என்கிறார். இன்னொருவர் டைபாய்டு என்கிறார். வயலில் இறங்கி வேலை செய்பவர் என்பதால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம் என்கிறார் மூன்றாமவர். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஒவ்வொருவரும் மற்றவரை மடக்கிய பிறகுதான் இரண்டாவது தாள் கைக்கு வருகிறது. டெங்கு பரிசோதனை நெகடிவ். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, கல்லீரல் நொதிகள் ஏறியிருக்கின்றன, மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கிறது. மூன்றாவது தாளில் முடிச்சு அவிழ்கிறது. நோயாளியை மறைவில் வைத்து உடல் முழுவதும் பரிசோதித்த பயிற்சி மருத்துவர், அக்குள் மடிப்பில் சிகரெட்டால் சுட்டதைப் போன்ற கருத்த பொருக்கு ஒன்றைப் பார்த்திருக்கிறார். அதில் வலி இல்லாததால் நோயாளி சொல்லவே இல்லை.

நோய், உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்கள் எழுதும் ஸ்க்ரப் டைபஸ். மேலே சொன்ன கேஸ் வகுப்புக்காகப் புனையக்கூடிய ஒன்று. ஆனால் மழைக்காலமும் குளிர்காலமும் சேரும் மாதங்களில் வேலூர் வட்டாரத்து வார்டுகளில் இதன் அசலைப் பார்க்கலாம். விடையைவிட, விடைக்குப் போகும் வழியில் மாணவர்கள் எழுப்பிக்கொள்ளும் கேள்விகள்தான் இங்கே பாடம். இந்த நோயைப் பரப்பும் பூச்சி ஏன் அக்குளிலும் தொடையிடுக்கிலும் கடிக்கிறது? காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி இந்தக் கிருமியிடம் ஏன் தோற்கிறது? டாக்சிசைக்ளின் ஏன் வெல்கிறது? தோலில் கடித்த பூச்சியால் நுரையீரல் ஏன் திணறுகிறது? கிருமி ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களுக்குள் புகுந்து வாழ்கிறது என்ற ஒரு செய்தி பிடிபட்டால், மருந்தும் மூச்சுத்திணறலும் சேர்ந்தே விளங்கிவிடும். உடற்கூறியல், நுண்ணுயிரியல், மருந்தியல், சமூக மருத்துவம் என்று தனித்தனிப் புத்தகங்களில் கிடப்பவை ஒரே பெண்ணின் காய்ச்சலில் வந்து கூடுகின்றன.

இந்த முறைக்குப் பெயர் பிரச்சினைவழிக் கற்றல். கல்லூரிகளில் சுருக்கமாக பிபிஎல். இந்திய மருத்துவக் கல்வி இதன் பெயரை ஏற்றுக்கொண்டுவிட்டது, இதற்கான விலையை இன்னும் கொடுக்கவில்லை.

ஹாமில்டனில் தொடங்கியது

கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தன் மருத்துவப் பள்ளியின் முதல் வகுப்பைத் தொடங்கியது. மாணவர்கள் 20 பேர், படிப்பு மூன்றாண்டு. அதுவரை வட அமெரிக்க மருத்துவப் பள்ளிகள் 1910இல் ஏப்ரகாம் ஃப்ளெக்ஸ்னர் எழுதிய அறிக்கையின் தடத்தில் நடந்துகொண்டிருந்தன. முதல் இரண்டு ஆண்டுகள் அடிப்படை அறிவியல், அடுத்த இரண்டு ஆண்டுகள் மருத்துவமனை. காசுக்குப் பட்டம் விற்ற பள்ளிகளை ஒழிக்க அந்த வரிசை அன்றைக்குத் தேவைப்பட்டது. அதன் பக்கவிளைவு பின்னால் தெரிந்தது. விரிவுரையில் கேட்டு எழுதித் தேறிய அறிவியல், நோயாளியின் படுக்கையருகே நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை.

ஜான் எவன்ஸ் தலைமையில் மெக்மாஸ்டரைக் கட்டியவர்கள் வரிசையைத் தலைகீழாக்கினார்கள். நோயாளியின் பிரச்சினை முதலில், அதை விளங்கிக்கொள்ளத் தேவையான அறிவியல் அடுத்து. பின்னர் அங்கே சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் இந்த முறைக்கு இலக்கணம் வகுத்தார். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை வைத்து மாணவர்களைச் சோதிக்கும் முறையை 1960களிலேயே கலிபோர்னியாவில் தொடங்கியவரும் அவர்தான். நெதர்லாந்தில் 1974இல் தொடங்கிய மாஸ்ட்ரிக்ட் மருத்துவப் பள்ளி இதை ஏழு படிகளாக ஒழுங்குபடுத்தியது. தெரியாத சொற்களைத் தெளிவுபடுத்துவதில் தொடங்கி, பிரச்சினையை வரையறுத்து, காரணங்களை ஊகித்து, எது தெரியவில்லை என்று பட்டியலிட்டு, பிரிந்துபோய்ப் படித்துவிட்டு, மறுபடி கூடிப் பேசுவது வரை எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. மலேசியாவின் சைன்ஸ் பல்கலைக்கழகம் 1979இல் தன் மருத்துவப் பள்ளியை இதே சிந்தனையில் தொடங்கியது. 1985இல் ஹார்வர்டு, விரிவுரையையும் குழு விவாதத்தையும் கலந்து ஒரு நடுவழி கண்டது.

மேசையில் ஒரு டியூட்டரும் உட்கார்ந்திருப்பார். அவருக்கு விடை தெரியும், அதைச் சொல்லாமல் இருப்பதுதான் அவர் வேலை. மாணவர்கள் வழிதவறினால் ஒரு கேள்வி கேட்டுத் திருப்புவார். இருபது ஆண்டுகள் விரிவுரை மேடையில் நின்று பழகிய பேராசிரியருக்கு இதைவிடக் கடினமான வேலை இல்லை.

ஆய்வுகள் சொல்வது என்ன?

இந்த முறையின் ஆதரவாளர்கள் சில உண்மைகளைச் சத்தமாகச் சொல்வதில்லை. பிபிஎல் மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தெரிந்துகொள்கிறார்கள் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2000இல் எழுதிய ஜெரி கோலிவர், அறிவிலும் மருத்துவத் திறனிலும் நம்பும்படியான முன்னேற்றம் தென்படவில்லை என்றார். 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் இன்னும் கடுமையாகப் பேசினார்கள். அடிப்படை தெரியாத மாணவரிடம் பிரச்சினையைக் கொடுத்து நீயே கண்டுபிடி என்று விட்டால், தேடுவதிலேயே மூளையின் வலு செலவாகிவிடும், கற்பதற்கு மிஞ்சாது என்பது அவர்கள் வாதம்.

அதற்கும் முன்பே, 1978இல், ஆர்தர் எல்ஸ்டைனும் சகாக்களும் தேர்ந்த மருத்துவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்து எதிர்பாராத முடிவுக்கு வந்திருந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மருத்துவர் மனத்தில் இரண்டு மூன்று ஊகங்கள் உருவாகிவிடுகின்றன. இதய நோயில் கெட்டிக்காரராக ஊகிப்பவர் சிறுநீரக நோயிலும் அப்படியே ஊகிப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதாவது எல்லா நோய்க்கும் பொதுவான பிரச்சினை தீர்க்கும் திறன் என்று ஒன்று இல்லை; அந்தந்த நோயைப் பற்றிய அறிவோடு ஒட்டியே அது வளர்கிறது. எனவே விரிவுரையை ஒழித்துவிட்டு விவாதம் மட்டும் போதும் என்பவர்களின் பேச்சை நம்ப வேண்டியதில்லை.

பிறகு எதற்கு இந்த முறை? பட்டம் பெற்று மருத்துவராகிவிட்டவர்களைப் பற்றிய 13 ஆய்வுகளை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு கோவும் சகாக்களும் தொகுத்து 2008இல் வெளியிட்டார்கள். பிபிஎல் வழியில் படித்தவர்கள் நான்கு விஷயங்களில் தெளிவாக மேலே நின்றார்கள். நிச்சயமின்மையைச் சமாளிப்பது, மருத்துவத்தின் சட்ட, அறக் கேள்விகளைப் புரிந்துகொள்வது, நோயாளியோடு பேசுவது, தொடர்ந்து தானே படித்துக்கொள்வது. தங்கள் மருத்துவ அறிவு எவ்வளவு என்று தாங்களே மதிப்பிடும்போது மட்டும் அவர்கள் தங்களைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

இந்தப் பட்டியலை ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் 24 வயது மருத்துவரின் மேசையில் வைத்துப் பார்த்தால் அதன் மதிப்பு விளங்கும். அவரிடம் வரும் காய்ச்சல் இது இன்ன நோய் என்று எழுதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை. படித்தபோது இருந்த சிகிச்சையும் அப்படியே நிற்பதில்லை. தீவிரமான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேலானது என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு காட்டியது. இந்தியாவில் ஏறத்தாழ 800 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வு வெளியானது 2023இல். அதற்கு முன் பட்டம் வாங்கியவர்கள் இதைத் தாங்களாகவே தேடிப் படித்திருக்க வேண்டும்.

பெயர் வந்தது, நேரம் வரவில்லை

இந்தியாவில் சட்டம் தயாராகத்தான் இருக்கிறது. 2019இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து எம்பிபிஎஸ் படிப்புக்குத் திறன்சார் பாடத்திட்டம் வந்தது. மொத்த நேரத்தில் விரிவுரை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, மீதி நேரம் செய்முறை, வார்டு, குழு விவாதம் என்று போக வேண்டும் என்கிறது விதி. முதலாண்டிலேயே நோயாளியைப் பார்க்க வேண்டும், அறமும் உரையாடலும் தனிப் பாடமாக வேண்டும் என்பதும் அதில் உண்டு. தாளில் குறை சொல்ல ஏதும் இல்லை.

கணக்குப் போட்டால்தான் சிக்கல் தெரியும். ஒரு வகுப்பில் 250 மாணவர்கள் என்றால் எட்டுப் பேர் வீதம் 31 குழுக்கள் தேறும். ஒரு கேஸுக்கு இரண்டு அமர்வு, அமர்வுக்கு இரண்டு மணி நேரம். ஒரே ஒரு கேஸை நடத்தி முடிக்க ஆசிரியர்களின் 124 மணி நேரம் வேண்டும். அதே பாடத்தை விரிவுரையாக எடுத்தால் ஒரு மணி நேரம், ஓர் ஆசிரியர், ஒரு மைக். பணியிடங்களை நிரப்பவே திணறும் கல்லூரி எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் ரகசியம் இல்லை. விளைவு, பல இடங்களில் 50 பேரை ஓர் அறையில் உட்காரவைத்து, கேஸை பவர்பாயின்டில் காட்டி, விடையையும் அடுத்த ஸ்லைடில் சொல்லி, வருகைப் பதிவேட்டில் குழு விவாதம் என்று எழுதுகிறார்கள்.

மாணவர்களும் இதில் குறை காண்பதில்லை, அவர்களின் கண் வேறிடத்தில் இருக்கிறது. முதுநிலைப் படிப்புக்கான நீட் தேர்வில் 200 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். மூன்றாம் ஆண்டிலேயே கோச்சிங் செயலிகளுக்குச் சந்தா கட்டுபவர்களை அதற்காகத் திட்டுவதில் நியாயம் இல்லை. அந்தத் தேர்விலும் நோயாளியின் கதையாக வரும் கேள்விகள் ஏராளம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே எல்லாத் தகவலும் ஒரே பத்தியில் வந்துவிடுகிறது, சரியான விடையும் கண்ணெதிரே நான்கில் ஒன்றாக நிற்கிறது. எதை விசாரிக்க வேண்டும், எங்கே தேட வேண்டும் என்று முடிவெடுக்கும் வேலையைக் கேள்வி தயாரித்தவரே செய்து முடித்துவிடுகிறார்.

இதே சிக்கலின் மறுபக்கத்தை மெக்மாஸ்டரும் பார்த்தது. மரபான தேர்வுகளை ஒதுக்கி, டியூட்டரின் மதிப்பீட்டையே பெரிதும் நம்பிய அந்தப் பள்ளியின் பட்டதாரிகள் கனடாவின் உரிமத் தேர்வில் கவலைப்படும் அளவுக்குத் தோற்றார்கள். 1990களின் தொடக்கத்தில் அது மாஸ்ட்ரிக்ட்டிடமிருந்து ஒரு வழியைக் கடன் வாங்கியது. முதலாண்டு மாணவருக்கும் இறுதியாண்டு மாணவருக்கும் ஒரே வினாத்தாளை ஆண்டுக்குச் சில முறை கொடுத்து, ஒவ்வொருவரும் எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்று அவருக்கே காட்டும் தேர்வு அது. பாடத்திட்டம் முழுவதையும் தழுவுவதால் அதற்கென்று முந்தின இரவு உட்கார்ந்து மனப்பாடம் செய்வதில் பயன் இல்லை. தேர்ச்சி விகிதம் ஏறியது, பிபிஎல் முறையும் குலையவில்லை. இந்த முறையைப் பெற்றெடுத்த பள்ளிக்கே, வகுப்பை மாற்றிவிட்டுத் தேர்வை மறந்தால் நடக்காது என்பது இருபது ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் முழுக்க பிபிஎல்லுக்கு மாற வேண்டியதில்லை. ஆய்வுகளும் அதைச் சொல்லவில்லை, ஆசிரியர் எண்ணிக்கையும் இடம்தராது. ஆண்டுக்கு எட்டுப் பத்து கேஸ்கள் போதும், அவற்றை ஒழுங்காக நடத்த வேண்டும். அடிப்படை விரிவுரை முடிந்த பிறகு குழு கூடினால் கிர்ஷ்னர் முதலியோரின் ஆட்சேபத்துக்கும் பதில் கிடைக்கும். முதுநிலை மாணவர்களுக்கு டியூட்டர் பயிற்சி கொடுத்து, அந்த நேரத்தை அவர்களுடைய பணியாகவே கணக்கில் எடுத்தால் 124 மணி நேரம் மலைக்கவைக்கும் எண்ணாக இருக்காது.

கேஸ்களுக்கு வெளிநாட்டுப் புத்தகங்களைத் தேடவும் வேண்டாம். 2022 ஜனவரியில் விருதுநகர், ராமநாதபுரம், நாகப்பட்டினம், அரியலூர், நீலகிரி உள்ளிட்ட 11 மாவட்டங்களில் ஒரே நாளில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், காசநோய், கர்ப்பகால ரத்தசோகை, முப்பது வயதில் வரும் மாரடைப்பு என்று மாவட்ட மருத்துவமனை வார்டுகளில் இல்லாத பாடம் இல்லை. நோயாளியின் அடையாளத்தை நீக்கி, தாள்தாளாகப் பிரித்து, டியூட்டருக்கான குறிப்போடு எழுதிய நூறு கேஸ்கள் கொண்ட பொதுத் தொகுப்பு ஒன்றிருந்தால் எல்லாக் கல்லூரிகளும் பகிர்ந்துகொள்ளலாம். ஆய்வுக் கட்டுரைக்குப் பதவி உயர்வில் மதிப்பு இருப்பதுபோல, நல்ல கேஸ் எழுதும் ஆசிரியருக்கும் மதிப்பு இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது வினாத்தாள். மாநிலத்தின் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பதால், ஓரிடத்தில் எடுக்கும் முடிவு ஆயிரக்கணக்கான மாணவர்களின் படிப்புப் பழக்கத்தை மாற்றும். தேர்வில் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண்ணைப் படிப்படியாக விரியும் கேஸுக்கு ஒதுக்கலாம். முதல் தாளுக்கு எழுதிய விடையை ஒப்படைத்த பிறகுதான் இரண்டாவது தாள், முன்பு எழுதியதைத் திருத்த அனுமதி இல்லை, ஊகம் தவறினாலும் சொன்ன காரணம் சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு. திருத்துவதற்கு அதிக நேரம் ஆகும், ஆசிரியர்களிடையே மதிப்பெண் வேறுபடும் என்ற ஆட்சேபங்கள் வரும். முன்கூட்டியே எழுதிவைத்த விடைக்குறிப்பும் இரட்டைத் திருத்தமும் அவற்றைப் பெருமளவு சரிசெய்யும். முதலில் பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் என்று இரண்டே பாடங்களில் இரண்டு ஆண்டுகள் நடத்திப் பார்த்து, அந்த மாணவர்கள் பயிற்சி மருத்துவர்களாக வார்டில் எப்படிச் செயல்படுகிறார்கள் என்பதை முந்தைய வகுப்போடு ஒப்பிட்டு, கிடைத்த முடிவு எதுவானாலும் பல்கலைக்கழகம் அதை வெளியிட வேண்டும்.