மின்கம்பிக்குக் கீழே ஒரு பாத்தி

ஸ்காபரோவில் இருக்கிறவர்களுக்கு அந்த உயர்ந்த மின்கோபுர வரிசை தெரியாமல் இருக்காது. அதன் கீழே வீடு கட்ட முடியாது, உயர்ந்த மரமும் வைக்க முடியாது. அதனால் அந்த நிலம் பல்லாண்டுகளாக வெட்டிய புல்லாகவே கிடந்தது. இன்று அதுதான் ‘மெடோவே’. டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்து ரூஜ் தேசிய நகரப் பூங்கா வரை 16 கிலோமீற்றர் நீளத்துக்கு, ஏறத்தாழ 200 ஹெக்டேரில் உருவாகிவரும் பூங்கா. 2018இல் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்துக்கு வெஸ்டன் குடும்ப அறக்கட்டளை பெரும் நிதி தந்தது.

எங்கட ஆட்கள் சிலருக்கு இதில் ஒரு முறைப்பாடு: “உதென்ன, புல்லை வெட்டாமல் காடாக விட்டிருக்கிறாங்கள்?” அது கவனிக்காமல் விட்ட காடல்ல, உள்ளூர்ப் பூச்செடிகளை விதைத்து வளர்த்த வெளி. அதில் நிற்கிற மில்க்வீட், எங்கள் ஊர் எருக்கலையின் குடும்பம்தான். உடைத்தால் அதே பால். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அந்த இலைதான் சாப்பாடு.

இதே மின்பாதையில்தான் கிவன்டேல், ஜோன்ஸ்வில் போன்ற தோட்டப் பாத்திகளும் இருக்கின்றன. யன்னலோரம் முளைக்க வைத்த கத்தரி, மிளகாய்க் கன்றுகள் மே மாத விக்டோரியா நாளை ஒட்டித்தான் வெளியே போகும். ஒக்டோபரில் உறைபனி வந்தால் கதை முடிந்தது. அடுக்குமாடியிலும் பேஸ்மென்டிலும் அடைந்து கிடக்கிற அம்மம்மா, அப்பப்பாக்களுக்கு இந்த நாலைந்து மாதம்தான் வெளியே போக ஒரு காரணம். ஆங்கிலம் தெரியாமலே பக்கத்துப் பாத்திச் சீனப் பாட்டியோடு விதை மாற்றலாம். வேறெந்த முதியோர் நிகழ்ச்சியும் இதைத் தந்து நான் பார்க்கவில்லை.

பிரச்சினை, பாத்தி கிடைப்பதுதான். நகரசபையின் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. எழுபத்தைந்து வயதுக்காரரை வருடக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது, இல்லை என்று சொல்வதற்குச் சமம். 200 ஹெக்டேரில் பூவுக்கும் பூச்சிக்கும் இடம் கொடுத்தது நல்லது. அதில் இன்னும் கொஞ்சம் பாத்திக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ஒதுக்கினால் பூங்கா கெட்டுவிடாது. கேட்காமல் இது கிடைக்கப் போவதில்லை.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே, கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான். ஆங்கிலப் படிவம் நிரப்பவும் உங்கள் வட்டார நகரசபை உறுப்பினருக்கு மின்னஞ்சல் எழுதவும் உங்களுக்குப் பத்து நிமிடம் போதும்; தாத்தாவுக்கு அது மலை. பாத்தி கிடைத்தபின் தண்ணி வாளி தூக்கவும் போங்கள். பயித்தை, பாகல், முளைக்கீரை எல்லாம் தமிழ் வகுப்பைவிட அங்கே சுலபமாக நாக்கில் ஏறும்.