சுக்கான் எவர் கையில்?

கப்பலைச் செலுத்துபவர் யார் என்று கேளாது, அது எந்தத் துறையிற் கட்டப்பட்டது என்று மட்டும் வாதிடும் வழக்கம் இந்நாட்டிற் பெருகிவருகின்றது. எண்மிய அடையாள அட்டைத் திட்டம் பற்றி எழுந்த சர்ச்சை இதற்குச் சான்று. இந்தியாவின் நன்கொடையால் உருவாகும் திட்டமாதலின் மக்களின் விபரம் அந்நியர் கைக்குப் போய்விடும் என்பர் ஒரு சாரார். தரவு யாவும் இலங்கை மண்ணிலேயே இருக்கும் எனக் கூறி, அத்துடன் விவாதம் முடிந்ததாகக் கருதுவர் மறுசாரார். இருசாரார் பேச்சும் கட்டடத்தைப் பற்றியதே. கட்டடத்தினுள் ஓடும் பொறிகளைக் கூட்டுவதும் குறைப்பதும் புதுக்குவதும் எவர் என்னும் வினாவை எழுப்புவார் அரியர்.

புத்தளம் நகரையடுத்துக் களப்போரமாக அமைந்த தில்லையடிக்கு இவ்வினா வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே அடைக்கலம் புகுந்தனர். அவர்களுக்கு இடங்கொடுத்த ஊர்களுள் தில்லையடியும் ஒன்று. சில மணிநேர அவகாசத்தில் வீட்டைவிட்டு இறங்கியவர் கையில் காணியுறுதி இருந்திருக்குமா, பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருந்திருக்குமா என்று கேட்பதே கொடுமை. அவர்கள் எந்த மாவட்டத்து வாக்காளர் என்னும் பிணக்கு இரு தசாப்தங்களுக்கு மேலாக நீடித்து, 2013இல் வாக்காளர் பதிவுக்கெனச் சிறப்பேற்பாட்டுச் சட்டமொன்றே இயற்றப்படவேண்டியதாயிற்று. பதிவு இல்லாதவனுக்கு ஊர் இல்லை என்பதைத் தில்லையடிக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அத்தகையோரின் பெயரும் கைரேகையும் இனி எதன்மீது தங்கியிருக்கப்போகின்றன என்பதை ஆராய்வது அவசியம்.

திட்டத்துக்கு அடிப்படையாகத் தெரிவுசெய்யப்பட்டது 'மொசிப்' என்னும் மென்பொருள். பெங்களூரிலுள்ள சர்வதேச தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் 2018இல் தொடங்கப்பட்ட இதனை மொரோக்கோ, பிலிப்பைன்ஸ், எதியோப்பியா முதலிய நாடுகளும் ஏற்றுள்ளன. இதன் மூலநிரல் வெளிப்படையானது. உள்ளே என்ன இருக்கின்றது என்பதை வேண்டுவோர் வாசித்தறியலாம். இந்தியாவுடன் 2022இல் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. 2023 ஓகஸ்டில் 45 கோடி இந்திய ரூபா முற்பணமாக வழங்கப்பட்டது. இவை பலரும் அறிந்தவை. அறியப்படாதது யாதெனில், அம்மென்பொருள் ஒரே பெருங்கணினியில் ஓடுவதன்று என்பதாகும். அது பல சிறு நிரல்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியவற்றைத் தன்னுடனேயே பொதிந்த கொள்கலனாகி, 'குபர்நெற்றிஸ்' ஆளும் கணினிக் கொத்தணியில் ஓடுகின்றது. (கொத்தணி என்றதும் கொரோனாக் காலத்துக் கொத்தணிகளே பலர்க்கு நினைவில் வரும். சொல் நல்ல சொல். அதனை நோய்க்கே தாரைவார்த்துவிட வேண்டியதில்லை.) கூகிள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட குபர்நெற்றிசின் பெயர் கிரேக்கம், சுக்கான் பிடிப்பவன் என்பது பொருள். தமிழில் அவன் மீகாமன்.

கொத்தணியில் இருவகைப் பொறிகள் உள. கட்டளை பிறப்பிப்பன சில. ஏவிய வேலையைச் செய்வன பல. பின்னவையே பணிக்கணுக்கள். ஒத்த அளவும் ஒத்த இயங்குதளமும் கொண்ட கணுக்கள் குழுக்களாக வகுக்கப்படும். குழு ஒவ்வொன்றுக்கும் ஆகக்குறைந்த தொகையும் ஆகக்கூடிய தொகையும் விதிக்கப்படும். வேலை பெருகின் அவ்வெல்லைக்குள் கணுக்கள் கூடும், தணியின் குறையும். கைரேகைகளை ஒப்புநோக்கும் கனத்த வேலைக்கு ஒரு குழு, விண்ணப்பம் ஏற்கும் இலகுவான வேலைக்கு இன்னொரு குழு எனப் பிரித்து, ஒன்றன் கொள்கலன் மற்றதனுட் புகாதவாறு தடைக்குறி இடுதலும் உண்டு. புத்தளத்து உப்பளங்களைக் கண்டவர்க்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். ஒரு பாத்தியின் வரம்பு உடைந்தால் மற்றப் பாத்தியின் உப்பும் கரைந்துபோகாதிருக்கவே வரம்புகள் பல இடப்படுகின்றன.

கணுக்கள் பழுதாகும், பழையனவுமாகும். அவற்றைச் செப்பனிடுவதிலும் மாற்றிவிடுவதே இங்கு முறை. முதலிற் கணுவுக்குப் புதிய வேலை வராதவாறு வாயில் அடைக்கப்படும். பின்னர் அதிலுள்ள வேலைகள் வேறு கணுக்களுக்கு வடித்து விடப்படும். அதன் பின்னரே கணு அகற்றப்படும். ஒரு சேவையின் பிரதிகளுள் எத்தனை ஒரே வேளையில் நின்றுபோகலாம் என்னும் வரையறையை ஒருவர் முன்னரே எழுதிவைத்திருத்தல் வேண்டும். எழுதாவிடின், பொறி தன் கடமையைச் செவ்வனே ஆற்றி, சேவையையும் செவ்வனே நிறுத்திவிடும். குபர்நெற்றிசின் புதிய பதிப்பு ஆண்டுக்கு மூன்று வருகின்றது. ஒரு பதிப்புக்கான ஆதரவு ஏறத்தாழ 14 மாதங்களே. ஆகவே இவ்வேலை ஒருகாற் செய்து முடிப்பதன்று. ஆண்டுதோறும் வயலுக்கு இறங்குவதுபோல இறங்கவேண்டியது. அடையாள அட்டையோ தலைமுறைகளுக்கானது. நன்கொடை தீர்ந்து, ஒப்பந்தமும் முடிந்த ஆண்டில் இவ்வேலைக்கு இறங்குபவர் எவர்?

'அதற்கென நிறுவனங்கள் உள. நிருவாகத்தை அவற்றிடம் விட்டுவிடுக' என்பது ஆயத்தமாக வரும் விடை. இவ்விடையிலேதான் ஏமாற்று ஒளிந்திருக்கின்றது. 2019 நவம்பரில் அமேசன் நிறுவனம் 'நிருவகிக்கப்படும் கணுக்குழு' என்னும் சேவையைத் தொடங்கிற்று. பெயரைக் கேட்போர் நிருவாகம் முழுவதும் விற்பவர் தலையில் என எண்ணுதல் இயல்பு. அந்நிறுவனத்தின் ஆவணமோ வேறு சொல்கின்றது: பாதுகாப்புத் திருத்தம் அடங்கிய இயங்குதளப் படிமத்தை ஆக்கித் தருவது நிறுவனம், அதனைக் கணுக்குழுவிற் பரப்புவது வாடிக்கையாளரின் பொறுப்பு. அதனையும் தானாகச் செய்யும் சேவை 2024இல் வந்தது உண்மையே. ஆயினும் எந்த வேலை எந்தக் குழுவில் ஓடும், எத்தனை பிரதி வேண்டும், காப்புப்பிரதி எங்கிருக்கும் என்பவற்றை எந்த விற்பனையாளரும் ஆட்பதிவுத் திணைக்களத்துக்காகச் சிந்தித்துத் தரப்போவதில்லை. 2024 மேயில் அவுஸ்திரேலியாவின் 'யூனிசூப்பர்' ஓய்வூதிய நிதியம் கூகிளிடம் வைத்திருந்த தனிமுகில் அழிந்தொழிந்தது. அதனை அமைத்தபோது கூகிள் தரப்பில் ஓரிடம் வெற்றாக விடப்பட்டது. அவ்வெற்றிடம் ஓராண்டுத் தவணையாகக் கொள்ளப்பட்டு, தவணை முடிய முகிலும் முடிந்தது. 6 இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர் பல நாள் தம் கணக்கைக் காணவியலாது தவித்தனர். நிதியம் மீண்டெழுந்ததற்கு, அது வேறொரு வழங்குநரிடமும் காப்புப்பிரதி வைத்திருந்தமை ஒரு காரணம். அந்த முன்யோசனை நிதியத்தினுடையது, விற்றவருடையது அன்று.

இதுகேட்டு 'நம் மண், நம் பொறி' என முழங்குவோர் மகிழ வேண்டியதில்லை. அவர்தம் முழக்கத்துக்கு விடையும் அண்மைக் காலத்திலேயே கிடைத்துவிட்டது. 2021இல் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பெருந்தொகைத் தரவு அழிந்துபோய், குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது. அத்தரவு இருந்த இடம் லங்கா அரசாங்க முகில். 2023 ஓகஸ்டில் அதே முகிலைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியது. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குத் தனியே ஒதுக்கிவைத்த காப்புப்பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை ஆக்கிய நிறுவனமே அவ்வாண்டு ஏப்பிரலில் நிறுத்தியிருந்தது. இரு நிகழ்விலும் பொறி இந்நாட்டு மண்ணிலேயே நின்றது. மண் எதனையும் காக்கவில்லை.

வறிய நாட்டின் குறை இது என ஒதுக்குவோர் தென்கொரியாவை நோக்குக. 2025 செப்ரெம்பர் 26ஆம் நாள் டேஜோன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு நிலையத்தில் மின்கலத்தில் மூண்ட தீயால் 709 அரச சேவைகள் நின்றன. அரச ஊழியரின் கோப்புகளைச் சேமித்த 858 ரெராபைற்றுக் களஞ்சியம், வேறெங்கும் பிரதியின்றி, சாம்பலாயிற்று.

அத்தனை தூரம் போவானேன்? தில்லையடிக்குக் களப்பின் அப்பாலுள்ள நுரைச்சோலையே போதிய பாடம். அங்குள்ள லக்விஜய அனல்மின் நிலையத்தில் 300 மெகாவாற்று இயந்திரங்கள் மூன்று. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறைத் துணைமின்நிலையத்திற் குரங்கொன்று விளைத்த கோளாற்றினால் நாடு முழுவதும் இருண்டபோது, மூன்று இயந்திரமும் ஒருங்கே நின்றுபோயின. அவை மீளும்வரை சில நாட்கள் மின்வெட்டு நடந்தது. மூன்று இயந்திரம் இருத்தல் வேறு. ஒரே அடியில் மூன்றும் வீழாதிருத்தல் வேறு. கணுக்குழுவுக்கும் இது பொருந்தும். ஒரே அறையில், ஒரே மின்னிணைப்பில், ஒரே பதிப்பில் நிற்கும் 30 கணுக்கள் எண்ணிக்கையில் 30. விபத்து நேரும்போது ஒன்றே. கேள்விப்பத்திரங்களில் எண்ணிக்கை எப்போதும் எழுதப்படும்; இவ்வேறுபாடு எழுதப்படுவது அரிது.

இன்னொரு நிகழ்வு, பொறியியலார்க்கு அப்பால் அதிகம் பேசப்படாதது. 2023 மார்ச் 14ஆம் நாள் அமெரிக்காவின் 'றெடிற்' தளம் 314 நிமிடங்கள் நின்றுபோயிற்று. அதன் பொறியியலாளர் கொத்தணியொன்றை 1.23ஆம் பதிப்பிலிருந்து 1.24ஆம் பதிப்புக்கு உயர்த்தினர். தலைமைக் கணுக்களுக்கு வழங்கிய 'எசமான்' என்னும் பொருளுடைய முத்திரைச் சொல் புதிய பதிப்பில் நீக்கப்பட்டிருந்தது. வலையமைப்பின் வழிகாட்டிகளோ அச்சொல்லைக் கொண்டே தம் கணுக்களை இனங்கண்டன; சொல் மறையவே அவற்றின் கண்ணுக்குக் கணு ஒன்றும் தென்படவில்லை. அவ்வமைப்பைச் செய்தோரும் அறிந்தோரும் வேறு பணிகளுக்குப் போய்விட்டிருந்தனர். எனினும் கொத்தணி அவர்தம் பொறுப்பிலேயே இருந்தது. கைவசம் காப்பும் இருந்தது. ஆதலின் மீட்டெடுத்தனர், பிழையையும் ஒளிக்காது எழுதி வெளியிட்டனர். ஒரு குழுவின் பெயர் மாறியதற்கே இவ்விளைவு. அக்கொத்தணியை அறிந்தோர் எல்லோரும் ஒப்பந்தம் முடித்து விமானம் ஏறிவிட்ட ஒரு திணைக்களத்தில் இது நேர்ந்திருப்பின், 314 நிமிடத்தில் எவர் வந்திருப்பார்?

'ஆற்றலுடையோர் இங்கில்லை' என்பது எஞ்சியிருக்கும் வாதம். ஆற்றல் இல்லை என்பது பொய். கொழும்பில் வளர்ந்த 'டபிள்யூ.எஸ்.ஓ. 2' நிறுவனத்தில் உருவாகி அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்ட 'ஸ்ராற்றோஸ்' என்னும் முகில் மேடை, 2014இலேயே அவ்வறக்கட்டளையின் முதனிலைத் திட்டங்களுள் ஒன்றாயிற்று. உலகுக்கு முகில் மேடை செய்து கொடுத்தவர் நாட்டில், ஓர் அரச திணைக்களத்தின் கணுக்களைக் காக்க ஆள் இல்லையெனின், குறை ஆற்றலில் அன்று. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் கற்றோர் பலர் நாட்டைவிட்டு நீங்கினர் என்பது மெய். அவர்களைத் தடுத்து நிறுத்தத்தக்க பதவியோ சம்பளமோ அரச சேவையில் வகுக்கப்படவில்லை என்பது அதனினும் மெய். பல்கலைக்கழகங்களும் பொறுப்பிலிருந்து தப்பவியலாது. நிரல் எழுதக் கற்பிக்கும் அளவுக்கு, எழுதியதை நள்ளிரவிலும் ஓட்டிக் காக்கும் கலை கற்பிக்கப்படுவதில்லை. அது தாழ்ந்த தொழில் என்னும் எண்ணம் விரிவுரை மண்டபத்திலேயே முளைக்கின்றது.

கேட்கவேண்டியவை மிகச் சிலவே. கொத்தணியின் அமைப்பைக் கூறும் கோப்புகள் யாவும் திணைக்களத்தின் உடைமையாக, திணைக்களத்தின் கையிலேயே இருத்தல் வேண்டும். கணுக்குழுக்களுக்குப் பொறுப்பான நிரந்தர உத்தியோகத்தர் நியமிக்கப்படல் வேண்டும். ஆண்டில் இருமுறையேனும் ஒரு குழுவை வேண்டுமென்றே நிறுத்தி, சேவை தொடர்கின்றதா எனப் பரீட்சித்து, காப்புப்பிரதியிலிருந்து மீட்டும் காட்டி, பெறுபேற்றைச் சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடல் வேண்டும். தமிழ் என்பதை இங்கு அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. தில்லையடியிலிருந்து அடையாள அட்டைக்காகப் பிரதேச செயலகம் செல்பவர்க்கு, 'சிஸ்டம் விழுந்துவிட்டது, நாளை வாருங்கள்' என்பதற்கு அப்பால் எதுவும் சொல்லப்படுவதில்லை. எது விழுந்தது, எவர் எடுத்து நிறுத்துவார், எப்போது நிறுத்துவார் என்பதைத் தம் மொழியில் அறியும் உரிமை அவருக்கு உண்டு. நன்கொடை உடன்படிக்கையின் எந்தப் பிரிவு, ஒப்பந்தகாரர் நீங்கிய மறுநாள் கணுக்குழுக்களின் பொறுப்பை எவரிடம் ஒப்படைக்கின்றது என்பதைப் பாராளுமன்றத்தில் எழுந்து கேட்கப் புத்தளம் மாவட்டத்து உறுப்பினர் ஒருவர் போதும்.