நெல்லைத் தின்னும் மரக்கால்

சென்ற இதழில் வந்த அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை கவலை வந்தது. இதை நம்பி எத்தனை சின்னக் கடைக்காரர்கள் தங்கள் தளத்தில் புதிதாக ஒரு கூப்பன் பெட்டியைத் திறந்து வைத்திருப்பார்களோ! கட்டுரையாளர் சொல்வது இதுதான்: ஆன்லைன் கடைக்கு யூடியூபரோ இன்ஸ்டாகிராம்காரரோ ஆள் அனுப்பினால், யார் அனுப்பிய ஆள் என்று தெரிந்துகொள்ள நம்பகமான வழி ஒன்றே ஒன்று, ஆளுக்கொரு தள்ளுபடி கோடு கொடுப்பது. லிங்க்கை வைத்து, ஆள் அனுப்பியவருக்குக் கமிஷன் போடும் அஃபிலியேட் கணக்கு தண்ணீரில் எழுதிய எழுத்து. கோடு என்பதோ வாடிக்கையாளர் தன் கைப்பட எழுதித் தரும் வாக்குமூலம். கட்டுரையின் அடியில், தன்னுடைய பயிற்சி வகுப்பில் சேர இந்த இதழின் வாசகர்களுக்கு மட்டும் என்று ஒரு தள்ளுபடி கோடும் கொடுத்திருந்தார். அந்தக் கோட்டுக்குப் பிறகு வருகிறேன். முதலில் வாக்குமூலத்தைப் பார்த்துவிடலாம்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையின் தளத்தைப் பராமரிக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மாலை, கடைக்காரரும் நானும் கமிஷன் பட்டியலோடு உட்கார்ந்தோம். ஒரு சமையல் சேனலுக்குக் கொடுத்த கோடு அந்த மாதம் சக்கைப்போடு போட்டிருந்தது. கடைக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது: அந்த மாதம் அந்தச் சேனலில் எங்கள் எண்ணெயைப் பற்றி ஒரு வீடியோவும் வரவில்லை. பட்டியலில் ஒரு ஆர்டரைத் திறந்தேன். கோபிச்செட்டிபாளையத்துப் பெரியவர் ஒருவர், மாதம் தவறாமல் ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் வாங்குகிறவர். கோடு கொடுக்கும் பழக்கமே கடைக்கு வராத காலத்திலிருந்து வாடிக்கையாளர். கடைக்காரர் போனைப் போட்டு, "ஏனுங்க, அந்தச் சமையல் சேனலெல்லாம் பாப்பீங்களா?" என்று கேட்டார்.

"எந்தச் சேனலுங்க? பணம் கட்டற எடத்துல கூப்பன் இருக்கான்னு ஒரு பொட்டி கேட்டுச்சு. பேரன்தான் கூகுள்ல தேடி என்னமோ போட்டுக் குடுத்தான். நூத்தம்பது ரூவா கொறஞ்சுது. நல்லதுங்க."

கட்டுரையாளர் சொல்லும் வாக்குமூலத்தின் யோக்கியதை இது. முழு விலையைக் கொடுக்கப் பையில் கை விட்டவரை, கடையே வழிமறித்து, "கோடு இல்லையா? போய்த் தேடிக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. அவர் தேடிக் கண்டுபிடித்துத் திரும்பி வந்ததும் அவருக்குத் தள்ளுபடி. அவரைக் கண்ணால்கூடப் பார்க்காத சேனலுக்குக் கமிஷன். இரண்டும் கடைக்காரரின் கல்லாவிலிருந்து. பெரியவர்மேல் குற்றமில்லை, பேரன்மேலும் இல்லை, பேரன் கெட்டிக்காரன். அன்று மீதிப் பட்டியலையும் பார்த்து முடித்தபோது கடைக்காரர் காபியைக் குடிக்காமலே ஆறவிட்டிருந்தார்.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. தீபாவளிக்குக் கடை எல்லாருக்கும் ஒரு 20 சதவீதத் தள்ளுபடி கோடு அறிவிக்கிறது. சேனலின் கோடு தருவது 10 சதவீதம். வீடியோவைப் பார்த்து, லிங்க்கை அழுத்தி, இந்தக் கடையின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டு வந்த ஒரு புது வாடிக்கையாளர் எந்தக் கோட்டை அடிப்பார்? அவருக்கென்ன பைத்தியமா? ஆக, உண்மையிலேயே ஆள் அனுப்பிய சேனலுக்கு அந்த ஆர்டரில் ஒரு பைசாவும் இல்லை. அனுப்பாதபோது கூலி, அனுப்பினால் பட்டை நாமம். ஆண்டின் மிகப் பெரிய விற்பனை வாரத்தில் பார்வையை இழந்துவிடும் ஒரு சாட்சியை நம்பித்தான் கணக்கு எழுதச் சொல்கிறார் கட்டுரையாளர்.

கோடு யார் ஆள் அனுப்பினார்கள் என்பதைச் சொல்வதில்லை. யாருக்குத் தள்ளுபடி வேண்டும் என்பதைச் சொல்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் கோடு இல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

தள்ளுபடியால்தான் வாங்குகிறார்கள், அதனால் அது செலவில்லை என்கிறார் கட்டுரையாளர். கணக்குப் போடுவோம். 1000 ரூபாய் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்குக்கு 600, பேக்கிங்கும் கூரியருமாக 130, பேமென்ட் கேட்வேக்கு 20. மிச்சம் 250. கோடு வழியாக 10 சதவீதம் தள்ளுபடி என்றால் 100 போகிறது. மீதி 900-க்கு 10 சதவீதம் கமிஷன் 90. கடைக்கு நிற்பது 60 ரூபாய். இதே ஆர்டர் லிங்க் வழியாக முழு விலைக்கு வந்தால், சேனலுக்குத் தாராளமாக 15 சதவீதம், அதாவது 150 கொடுத்தாலும் கடைக்கு 100 மிஞ்சும். கடைக்கு 40 கூடுதல், ஆள் அனுப்பியவருக்கு 60 கூடுதல். விலையைக் குறைத்தால் விற்பனை கூடும் என்று தோன்றினால் தாராளமாகக் குறைக்கட்டும், வெளிப்படையாக எல்லாருக்கும் குறைக்கட்டும். அது வியாபார முடிவு. ஆனால் அதை அளவுகோல் என்று சொல்லி விற்கக் கூடாது. ஒவ்வொரு முறை அளக்கும்போதும் ஒரு கைப்பிடி நெல்லைத் தானே விழுங்கிவிடும் மரக்காலை எந்தக் களத்துமேட்டிலாவது விட்டுவைப்பார்களா?

அடுத்து அவருடைய பிரம்மாஸ்திரம்: ஹனி விவகாரம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூப்பன் தேடித் தரும் பிரவுசர் நீட்சியான ஹனியை, சுமார் 400 கோடி டாலருக்கு வாங்குவதாக 2019 நவம்பரில் பேபால் அறிவித்தது. 2024 டிசம்பரில் மெகாலேக் என்ற யூடியூப் சேனல் ஒரு குற்றச்சாட்டை வைத்தது: யூடியூபரின் லிங்க் வழியாக வந்தவர் பணம் கட்டும் பக்கத்தை அடைந்ததும் ஹனி விழித்துக்கொள்கிறது, யூடியூபரின் அடையாளத்தை அழித்துவிட்டுத் தன் அடையாளத்தை வைத்துக் கமிஷனை எடுத்துக்கொள்கிறது. கடைசி க்ளிக்குக்கே பலன் என்ற தொழில் வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறோம் என்றது பேபால். வழக்குகள் போடப்பட்டன. 2025 மார்ச்சில் கூகுளும், பயனருக்கு நேரடிப் பலன் எதுவும் தராமல் அஃபிலியேட் அடையாளத்தைச் செருகும் நீட்சிகளுக்குக் குரோமில் தடை போட்டது. பார்த்தீர்களா, லிங்க் எவ்வளவு பலவீனமானது என்கிறார் கட்டுரையாளர்.

ஐயா, ஹனி எந்த இடத்தில் விழித்துக்கொள்கிறது? கூப்பன் பெட்டி இருக்கும் இடத்தில். எதைக் காட்டி மக்களைத் தன்னை நிறுவிக்கொள்ளச் செய்தது? கோடு தேடித் தருகிறேன் என்று சொல்லி. நீங்கள் போடச் சொல்லும் பெட்டிதான் அந்தத் திருடன் ஏறி வந்த ஏணி. கடைகள் ஊருக்கெல்லாம் கோடு இறைக்காதிருந்தால் அந்த நீட்சிக்குத் தேடித் தர என்ன இருந்திருக்கும்? மேலும், இதில் பழுது லிங்க்கில் இல்லை; கடைசியாகத் தொட்டவனுக்கே எல்லாம் என்ற விதியில் இருக்கிறது. சரக்கு கூடையில் விழுந்த பிறகு வந்து சேரும் எந்த க்ளிக்குக்கும் கமிஷன் கிடையாது என்று கடை தன் சர்வரில் ஒரு நிபந்தனை எழுதினால் இந்த வேலை கடையிடம் பலிக்காது. கோட்டுக்கு இப்படி ஒரு பூட்டுப் போட முடியாது. பெட்டியில் விழுந்த ஆறு எழுத்து எந்த நேரத்தில், எங்கிருந்து வந்தது என்று அதற்கே தெரியாது.

குக்கீயை, அதாவது தளம் பிரவுசரில் எழுதிவைக்கும் அந்த அடையாளத்தை, ஆப்பிள் கொன்றுவிட்டது என்ற அவருடைய வாதத்தில் பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. 2017-இல் ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் கட்டுப்பாடுகளைத் தொடங்கியது. 2019-இல், பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் எழுதும் குக்கீக்கு ஏழு நாள் ஆயுள் என்றது. 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்பு குக்கீ முழுவதையும் தடுத்தது. இதில் 'மூன்றாம் தரப்பு' என்ற சொல்லைக் கட்டுரையாளர் வசதியாக விழுங்கிவிட்டார். வேறொரு நிறுவனம் உங்கள் கடைக்குள் வந்து வைக்கும் அடையாளத்துக்குத்தான் அந்தத் தடை. கடை தன் சொந்த டொமைனில், தன் சொந்த சர்வரிலிருந்து எழுதும் குக்கீ வேறு சாதி. ஏழு நாள் கெடு அதற்கு இல்லை. குரோமோ, 2020-இல் மூன்றாம் தரப்பு குக்கீயை ஒழிப்பதாகச் சொல்லி, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. நம் ஊரில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு, அதில் குரோம். செத்துப்போனதாக அவர் ஒப்பாரி வைக்கும் ஆள் எங்கள் தளங்களில் தினமும் வேலைக்கு வந்துபோகிறான்.

அமேசான் 1996-இல் அஃபிலியேட் திட்டத்தைத் தொடங்கியது. அதில் யாரும் கோடு அடிப்பதில்லை. லிங்க்கின் வாலில் அனுப்பியவரின் குறி இருக்கும். அழுத்திய 24 மணி நேரத்துக்குள் வாங்கினால் கமிஷன். அதற்குள் கூடையில் போட்டுவைத்தால் 90 நாள் வரை கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். தண்ணீரில் எழுதிய எழுத்து என்றால் முப்பது ஆண்டாக அதை யார் படித்துக்கொண்டிருக்கிறார்கள்?

அமேசான் பெரிய யானை, சின்னக் கடைக்கு அந்தத் தொழில்நுட்பம் கட்டுப்படியாகாது என்பது அவருடைய அடுத்த பத்தி. என்ன பெரிய தொழில்நுட்பம்? லிங்க்கில் சேனலின் பெயர் இருக்கிறது. கடையின் சர்வர் அதைப் படித்துக் குக்கீயில் எழுதுகிறது. ஆர்டர் விழும்போது அந்தப் பெயரையும் முதலில் வந்த நேரத்தையும் ஆர்டரின் குறிப்பில் சேர்த்துவிடுகிறது. வாசலில் வரும்போதே எழுதிக்கொள்ளும் ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான். சின்னக் கடைகள் பலவும் வைத்திருக்கும் வூகாமர்ஸ் மென்பொருளில், ஆர்டர் எந்த வழியாக வந்தது என்று அந்த ஆர்டரிலேயே காட்டும் வசதி 2024 ஜனவரியில் வந்த 8.5 பதிப்பிலிருந்து இருக்கிறது, காசில்லாமல். அது கமிஷன் கணக்குப் போடாது, உண்மைதான். அதற்கு ஒரு பிளக்இன் வேண்டும், அல்லது மாதக் கடைசியில் எக்ஸெல்லும் ஒரு மணி நேரமும் வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில் செய்யவேண்டிய உண்மையான வேலையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. ஆர்டர் விழுந்தால் விற்பனை ஆகிவிடாது. கேஷ் ஆன் டெலிவரி போட்டுவிட்டு, கூரியர்காரர் வந்தால் கதவைத் திறக்காதவர்கள் இருக்கிறார்கள். பார்சல் திரும்பி வருகிறது. போன செலவும் வந்த செலவும் கடைக்கு. அந்த ஆர்டருக்குக் கமிஷன் கொடுப்பீர்களா? கோடு அடித்த நொடியில் "விற்றது" என்று எண்ணுகிற முறை இதைக் கவனிப்பதே இல்லை. நாங்கள் டெலிவரி ஆகி, ரிட்டர்ன் கெடுவும் முடிந்த பிறகுதான் கமிஷன் பட்டியலில் பெயரை ஏற்றுகிறோம். லிங்க்கோ கோடோ, இதைச் செய்யாதவர் கணக்கு எழுதவில்லை, ஆசையை எழுதுகிறார்.

லிங்க்கிலும் மோசடி நடக்காதா? நடந்தது. ஈபேயின் முன்னணி அஃபிலியேட்டாக இருந்த ஷான் ஹோகன், தன் லிங்க்கை அழுத்தாதவர்களின் பிரவுசரிலும் குக்கீயைத் திணித்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2014-இல் ஐந்து மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் திணித்தால் தடம் விழும். ஆயிரம் வருகை வந்து ஒருவர்கூடப் பக்கத்தில் நிற்கவில்லை என்றால் சர்வர் பதிவே காட்டிக்கொடுக்கும். கூப்பன் தளத்தில் கசிந்த கோட்டுக்கு அப்படி ஒரு தடமும் கிடையாது.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்ட ஒரு நல்ல வாதம் உண்டு, அவருக்காக நானே சொல்கிறேன். இன்ஸ்டாகிராமுக்குள் திறக்கும் பிரவுசரும் போனில் இருக்கும் குரோமும் ஒன்றையொன்று அறியாதவை. ரீல்ஸ் பார்த்து உள்ளேயே கடையைத் திறந்தவர், இரவு குரோமில் வந்து வாங்கினால் சங்கிலி அறுந்துவிடும். இது நிஜமான ஓட்டை, முழுதாக அடைக்க முடியாது. ஆனால் நம் ஊர்ச் சின்னக் கடைக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. சேனலுக்குக் கொடுக்கும் வாட்ஸ்அப் லிங்க்கிலேயே முதல் செய்தியை நிரப்பிவைக்கலாம்: 'இன்ன சேனல் பார்த்து வந்தேன், விலைப் பட்டியல் வேண்டும்.' அனுப்புகிறவர் பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும், சேனலின் பெயரும் வாடிக்கையாளரின் எண்ணும் ஒன்றாக வந்துவிழும். அதன் பிறகு அவர் எந்த பிரவுசரில் வாங்கினால் என்ன? செக்அவுட்டில் அதே எண்ணைத்தானே கொடுக்கப்போகிறார். மேடையில் பேசுகிறவருக்கு, வானொலியில் சொல்கிறவருக்கு, கடைப் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் அவர் பெயரும் போதும். தள்ளுபடி எதற்கு?

காஞ்சிபுரத்தில் பட்டுக் கடைக்கு வெளியூர்க்காரர்களை ஏற்றி வரும் டிரைவர்களைப் பாருங்கள். அவர்களுக்குக் கமிஷன் உண்டு, ஊரறிந்தது. அதற்காகக் கல்லாவில் நிற்கும் அம்மாவிடம் "டிரைவர் சொல்லிக் கொடுத்த ரகசிய வார்த்தையைச் சொன்னால்தான் அவருக்குக் கூலி" என்று எந்த முதலாளியாவது கேட்டதுண்டா? யார் இறக்கிவிட்டது என்பதை வாசலிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கமிஷன் சேலை விலையில் ஏறி அந்த அம்மா தலையில்தான் விடிகிறது, அது வேறு வழக்கு. சேனல்காரர்களும் தங்கள் லிங்க் காசு வரும் லிங்க் என்று பார்ப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். விளம்பரத் தர நிர்ணய அமைப்பு 2021-லேயே அதற்கு விதி எழுதிவைத்திருக்கிறது.

இனி, அந்தப் பயிற்சி வகுப்புக் கோடு. இதழ் வெளிவந்த பத்தாம் நாள், வகுப்பின் பெயரோடு 'கூப்பன்' என்று சேர்த்துக் கூகுளில் தேடினேன். இரண்டு கூப்பன் தளங்களில், மேலே, கொழுகொழுவென்று கிடந்தது. அதை எடுத்து அடித்துச் சேர்கிறவர்கள் ஒவ்வொருவரையும், தன் கட்டுரையைப் படித்து மனம் மாறி வந்த வாசகர் என்று அவர் இந்நேரம் எண்ணிக்கொண்டிருப்பார்.