36 விழுக்காடு உயர்வு: தோட்டத் தொழிலாளிக்கு லாபமா?

2022 மே 1-ஆம் தேதி குறைந்தபட்ச சம்பளம் 1,500 வெள்ளியானபோது, கோலசிலாங்கூர் தோட்டத் தொழிலாளிக்குச் சட்டப்படி 36.4 விழுக்காடு உயர்வு. கிள்ளான் நகரத் தொழிலாளிக்கு 25 விழுக்காடுதான். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால், தோட்டத்திற்கு அதிகம் கிடைத்ததுபோல் தோன்றும். உண்மை அதுவல்ல.

2019-இல் இரு இடங்களிலும் குறைந்தபட்ச சம்பளம் 1,100 வெள்ளி. 2020 பிப்ரவரி 1 முதல் மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளுக்கு மட்டும் அது 1,200 ஆனது. கோலசிலாங்கூரும் உலு சிலாங்கூரும் அப்போது மாவட்ட மன்றங்கள். அதனால் ஜெரம், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா தோட்டங்களில் 1,100 வெள்ளியே நீடித்தது.

கிள்ளானில் உயர்வு இரண்டு கட்டமாக வந்தது: முதலில் 9.1, பிறகு 25 விழுக்காடு. கூட்டினால் 34.1. ஆனால் இரண்டாவது உயர்வு 1,100-க்கு அல்ல, 1,200-க்குக் கணக்கிடப்பட்டது. ஆகவே கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும்: 1.0909 x 1.25 = 1.3636. அதாவது 36.4 விழுக்காடு. மொத்த உயர்வில் இரு இடங்களுக்கும் வித்தியாசமே இல்லை.

வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. 2020 பிப்ரவரி முதல் 2022 ஏப்ரல் வரை 27 மாதம். மாதம் 100 வெள்ளி வீதம், குறைந்தபட்ச சம்பளம் மட்டுமே வாங்கிய தோட்டத் தொழிலாளிக்குக் கிடைக்காமல் போனது 2,700 வெள்ளி. அந்த 36.4 விழுக்காட்டில் இது தெரியாது. அடிப்படைச் சம்பளம் குறைவாக இருந்ததால்தான் விழுக்காடு பெரிதாகத் தெரிந்தது.

விலைவாசிக்கும் இதே கணக்குதான். ஒரு பொருளின் விலை மூன்று முறை 10 விழுக்காடு ஏறினால் மொத்த ஏற்றம் 30 அல்ல, 33.1. வருமானம் 20 விழுக்காடு குறைந்து, மீண்டும் 20 விழுக்காடு கூடினால் பழைய நிலை திரும்பாது. 100 வெள்ளி 80 ஆகி, பிறகு 96-இல்தான் நிற்கும்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளியானது. சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது இது மறுஆய்வு செய்யப்பட வேண்டும். அடுத்த அறிவிப்பு வரும்போது எத்தனை விழுக்காடு என்பதோடு நின்றுவிடக்கூடாது. எந்தத் தொகைக்கு, எந்த மாதம் முதல், கையில் எத்தனை வெள்ளி என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.