நாற்காலி இல்லை, நடனம் உண்டு!

தொழிலாளிக்கு வேலையில் மனம் ஒட்டவில்லையாம். முதலாளி உலகம் கவலையில் ஆழ்ந்திருக்கிறது.

அமெரிக்காவின் காலப் நிறுவனம் ஆண்டுதோறும் உலகெங்கும் உழைப்போர் உள்ளத்தைக் கணக்கெடுக்கிறது. 2024-ஆம் ஆண்டு நிலவரம் பற்றிய அதன் அறிக்கை, 100 பேரில் 21 பேர்தான் ஈடுபாட்டோடு வேலை செய்கிறார்கள் என்று கூறிற்று. மற்றவர்களுக்கு உடல் ஆலையிலே, உள்ளம் வேறெங்கோ! அறிக்கை அதோடு நின்றுவிடவில்லை. அந்த ஆண்டில் ஈடுபாடு குறைந்ததால் உலக உற்பத்திக்கு நேர்ந்த நட்டம் 43,800 கோடி டாலர் என்றும் கணக்குப் போட்டுக் காட்டிற்று.

மனிதன் மனம் வாடுகிறதே என்ற வருத்தமா இது? அல்ல, தோழர்களே! வாடிய மனத்தால் வரவு குறைகிறதே என்ற வருத்தம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

நோய் என்றதும் வைத்தியர்கள் வந்துவிட்டார்கள். ‘ஊழியர் ஈடுபாடு’ என்ற பெயரில் தனி அதிகாரி, தனி அலுவலகம். வாரக் கடைசியில் நடனம், பிறந்தநாளுக்குக் கேக், காலையில் யோகாசனம், சுவரிலே ‘இம்மாதச் சிறந்த ஊழியர்’ படம். நடனத்தின் மீது நமக்குப் பகையில்லை. கேக்கின் மீதும் கோபமில்லை. நாளெல்லாம் நின்று மரத்துப்போன கால்களை ஆடச் சொல்கிறார்களே, அது என்ன நியாயம் என்றுதான் கேட்கிறோம்.

பேசியதற்குத் தண்டனை

இந்த வைத்தியத்தின் பிறப்பிடம் அமெரிக்காவில் சிக்காகோ நகருக்கு அருகிலிருந்த ஹாதார்ன் ஆலை. டெலிபோன் கருவிகள் செய்த ஆலை அது. 1924 முதல் 1932 வரை அங்கே ஆராய்ச்சி நடந்தது. 1927-இல் ஐந்து பெண்களைத் தனியறையில் அமர்த்தி, டெலிபோன் ரிலே பூட்டும் வேலையைக் கொடுத்தார்கள். இடையிடையே ஓய்வு விட்டுப் பார்த்தார்கள். வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். அந்தச் சிறு குழுவின் உற்பத்திக்கேற்ப ஊதியம் தந்தார்கள். உற்பத்தி ஏறிற்று.

ஓய்வு கிடைத்தது, நேரம் குறைந்தது, ஊதியம் கூடிற்று; அதனால் உற்பத்தி ஏறிற்று என்று பாமரனும் சொல்லிவிடுவான். பண்டிதர்களோ வேறு முடிவுக்கு வந்தார்கள். தம்மைக் கவனிக்கிறார்கள், தம்மிடம் அன்பாக நடக்கிறார்கள் என்ற எண்ணமே காரணம் என்றார்கள். எல்டன் மேயோவின் பெயரால் அந்த முடிவு உலகெங்கும் பரவிற்று. அந்த முடிவு சரிதானா என்று பின்வந்த ஆய்வாளர்கள் பலர் கேட்டார்கள். ஆனால் அது முதலாளிமாருக்கு இனித்தது. கூலியை உயர்த்த வேண்டாம், குழைந்து பேசினால் போதும் என்றால் யாருக்குத்தான் இனிக்காது?

அந்த ஆராய்ச்சியிலேயே ஒரு செய்தி இருக்கிறது. ஐவரில் இருவர் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928-இல் அறையைவிட்டு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் இடத்தில் வேறு இருவர் வந்தார்கள். தொழிலாளியைக் கவனிப்பார்களாம், அவள் வாய் திறந்தால் வெளியேற்றுவார்களாம்! ஏறக்குறைய 100 ஆண்டுகள் ஆகியும் இந்த வைத்தியத்தின் சூத்திரம் மாறவில்லை.

குடும்பம் உண்டு, குடும்பப் பெயர் இல்லை

தொலைதூரத்துக் கதை எதற்கு? நம் சுங்குவார்சத்திரத்துக்கு வருவோம். குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் சலவை யந்திரமும் செய்யும் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 37 நாட்கள் உறுதியோடு நின்றனர். பந்தல் பிரிக்கப்பட்டது, கைதுகள் நடந்தன, அவர்கள் கலையவில்லை.

ஊதிய உயர்வும் கேட்டார்கள். ஆனால் முதல் கோரிக்கை எது? எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பது. எங்களுக்காகப் பேச எங்கள் ஆட்களை நாங்களே தேர்ந்தெடுப்போம் என்பது. நிர்வாகம் தானே ஒரு குழுவை முன்னிறுத்தி, அதோடு பேசுவதாகச் சொல்லிற்று. பேசுகிறவரையும் முதலாளியே பொறுக்கினால் அது பேச்சுவார்த்தையா, கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே பேசுவதா?

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் வரக்கூடாது, அது எங்கள் வணிகச் சின்னம் என்று ஆட்சேபித்தார்கள். ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று சுவரில் எழுதுவது இன்றைய கம்பெனிகளின் நாகரிகம். குடும்பமாம், ஆனால் பிள்ளை குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாதாம்! உயர் நீதிமன்றம் வரை சென்று போராடி, 2025 சனவரி 27 அன்று அந்தப் பெயரோடேயே சங்கம் பதிவாயிற்று.

இந்தத் தொழிலாளர் வேலையை வெறுத்தவர்களா? வெறுத்தவன் விலகிப் போவான். உள்ளே இருந்துகொண்டு பேச வேண்டும், இந்த ஆலையில் எனக்கும் ஒரு குரல் வேண்டும் என்று கேட்பவனுக்குத்தான் ஆலையின் மீது அக்கறை. அந்த ஈடுபாடு வாசலிலே வந்து நின்றபோது கதவைச் சாத்தினார்கள்.

உட்கார ஒரு சட்டம்

ஜவுளிக்கடைக்குப் போகிறோம். புடைவையை விரித்து விரித்துக் காட்டும் தங்கையைப் பார்க்கிறோம். காலை முதல் இரவு வரை நின்றே விற்றாள் அவள். கூட்டம் இல்லாத நேரத்திலும் சுவரில் சாயக்கூடாது. கேரளத்துக் கடைப் பெண்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021-இல் திருத்தம் வந்தது. கடைகளில் ஊழியர் அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்று சட்டம் சொல்லிற்று. உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்த நாட்டில், ‘வேலையிலே மனநிறைவு’ பற்றிச் சொற்பொழிவு நடக்கிறது!

நேரத்தின் கதையும் இதுவே. வாரம் 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்ற பொருள்பட 2025 சனவரியில் லார்சன் அண்டு டூப்ரோ தலைவர் பேசியது வெளிவந்தது. ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 15 மணி. எஞ்சிய 9 மணியில் போக்குவரத்து எப்போது, சோறு எப்போது, தூக்கம் எப்போது, பிள்ளையின் முகம் பார்ப்பது எப்போது? 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்திலும் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறிற்று. தோழமைக் கட்சிகளே எதிர்த்தன, தொழிற்சங்கங்கள் திரண்டன. மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். திரண்டதால் திரும்பிற்று. இதை மறக்கலாகாது.

இப்போது 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 100 தொழிலாளர் இருந்தாலே ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி தேவை என்றிருந்த எல்லை, 300 ஆக உயர்ந்திருக்கிறது. நாளை இந்த வேலை இருக்குமா என்ற அச்சத்தில் வாழ்பவனிடம் மனத்தை ஊன்று என்றால், எந்த மண்ணில் ஊன்றுவான்?

நம் கடமை

உழைப்பிலே இன்பம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையைப் பாருங்கள். 1955-இல் தொடங்கிய பொதுத்துறை ஆலை. 2018-இல் அங்குள்ள தொழிலாளரும் பொறியாளரும் ஏறத்தாழ 18 மாதத்தில் ஒரு புதிய ரயிலையே வடிவமைத்துக் கட்டி முடித்தார்கள். இன்று வந்தே பாரத் என்று ஓடுவது அதன் வழிவந்த வண்டிதான். தன் கைபட்ட வண்டி தண்டவாளத்தில் பறக்கும்போது தொழிலாளியின் நெஞ்சு நிமிராதா? திறமைக்கு மதிப்பும் வேலைக்கு உறுதியும் இருக்கும் இடத்தில் ஈடுபாட்டைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

இங்கே நம் தோழர்களுக்கும் ஒரு சொல். கூலியும் போனசும் மட்டுமே சங்கத்தின் வேலை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பின்னி ஆலைத் தோழர்களின் குறைகளில் முன்னே நின்றது என்ன? மதியச் சோறு உண்ணப் போதிய நேரமில்லை என்பது! அந்தச் சோற்று வேளையைக் கையிலெடுத்த சங்கம் இந்தியாவுக்கே வழிகாட்டிற்று.

ஆகவே, உங்கள் ஆலையில் நாற்காலி இருக்கிறதா, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதா, மேலாளர் ஒருமையில் ஏசுகிறாரா, ஒப்பந்தத் தோழர் தனிப் பந்தியில் உண்கிறாரா என்று பாருங்கள். இவற்றையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதுங்கள். யந்திரத்தைப் பற்றி அதன் முன் நிற்பவனுக்குத் தெரிந்தது அலுவலக அறையில் இருப்பவருக்குத் தெரியாது. ஆலையை நடத்தும் முறையிலும் நம் யோசனையைக் கேட்கச் சொல்லுங்கள். நம் வேலையில் நாணயம் இருக்கட்டும். கேட்பதில் நடுக்கம் வேண்டாம்.

அடுத்த முறை ஈடுபாட்டு அதிகாரி நடனத்துக்கு அழைக்க வந்தால், மரியாதையோடு சொல்லுங்கள்: “ஆடுகிறோம் ஐயா. முதலில் உட்காருவோம், நீங்களும் எதிரில் உட்காருங்கள், பேசுவோம்.”