வரவேற்பா? வதையா?

மரக்காணத்தில் பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை, பெட்டி படுக்கையோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறுகிறான். தெற்கே புதுச்சேரி, கடலூர், சிதம்பரம். வடக்கே சென்னை. உப்புப் பாத்தியில் கால் வெடிக்க நின்றவரின் உழைப்பும், கடைவீதியில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பொழுதைக் கழித்தவரின் சேமிப்பும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன.

முதல் வாரம் கல்லூரியில் அவனை வரவேற்கப் போவது யார்? பேராசிரியரா? அல்ல! 'சீனியர்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக் கொண்டவன்.

"பெயரைச் சொல்! சல்யூட் அடி! சட்டையைக் கழற்று! என் ரெக்கார்டு நோட்டை எழுது! டிபனுக்குக் காசு எடு!"

கேட்டால், கூச்சத்தைப் போக்குகிறார்களாம்! அறிமுகமாம்! நாம் கேட்கிறோம்: கூச்சத்தைப் போக்க மானத்தைப் பறிக்கத்தான் வேண்டுமா?

நாவரசுவை மறந்து விட்டோமா?

நமக்குப் பக்கத்திலுள்ள சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1996 நவம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு, சீனியர் மாணவன் ஒருவனால் விடுதியில் கொல்லப்பட்டார். உடல் துண்டு துண்டாக்கப்பட்டது. அவருடைய தந்தை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், உப்பளத்து வீட்டுப் பிள்ளைக்கு யார் காவல்?

கடலூர் நீதிமன்றம் 1998-ல் தண்டித்தது. உயர் நீதிமன்றம் 2001-ல் விடுதலை செய்தது. உச்ச நீதிமன்றம் 2011-ல்தான் தண்டனையை உறுதி செய்தது. பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் பெற்றோர் காத்துக் கிடந்தார்கள்!

சட்டம் இருக்கிறது!

அந்தக் கொலைக்குப் பின் வந்ததுதான் 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். கல்லூரிக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் குற்றம். இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவன் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவான். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவரும் குற்றத்துக்கு உடந்தையே!

2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளும் வந்தன. தன் பாட வேலையைப் புதிய மாணவன் தலையில் கட்டுவதும், அவனைச் செலவு செய்யச் சொல்லி நெருக்குவதும் ராகிங்தான். முதலாண்டு மாணவர்களை இயன்றவரை தனி விடுதிப் பிரிவில் வைக்க வேண்டும். யாரிடம் முறையிடலாம் என்ற துண்டுப் பிரசுரத்தைச் சேரும்போதே கொடுக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள்! 1800-180-5522 என்ற இலவச எண்ணைப் பிள்ளையின் சட்டைப்பையில் எழுதி வையுங்கள்.

வணிகப் பெருமக்களே!

பிள்ளை இரவில் போன் செய்து அழுதால் நாம் சொல்வது இரண்டே பதில்கள். ஒன்று, "எல்லோரும் பட்டதுதான், பொறுத்துக்கொள்." இன்னொன்று, "படித்தது போதும், கடையில் வந்து உட்கார்." முதல் பதில் கொடுமைக்குத் துணை போகிறது. இரண்டாவது, கொடுமை செய்தவனைக் கல்லூரியில் விட்டுவிட்டு நம் பிள்ளையை வெளியேற்றுகிறது. சரக்கில் எடை குறைந்தால் கடை வாசலில் நின்று நியாயம் கேட்கிறோமே, பிள்ளையின் மானம் குறைந்தால் கேட்க வேண்டாமா? மூன்றாவது பதில் சொல்லுங்கள்: "பயப்படாதே வாப்பா, எழுத்தில் புகார் கொடு. காலையில் நான் வருகிறேன்." தனியாகப் போகத் தயங்கினால் ஜமாஅத்தார் இருவரை அழைத்துச் செல்லுங்கள்.

இளைஞனே, உன்னிடமும் ஒரு கேள்வி!

சென்ற ஆண்டு நீ அழுதாய். இந்த ஆண்டு நீ சீனியர். "எனக்குச் செய்தார்கள், நானும் செய்கிறேன்" என்கிறாய். தெருவில் உரிமை முழக்கம், விடுதியில் அடிமை வேலை வாங்கல்! இது என்ன நியாயம்? ஓர் ஆண்டு மூப்பு உன்னை யாருக்கும் எஜமானன் ஆக்கி விடாது. அடிப்பதைக் கைகட்டி வேடிக்கை பார்த்துவிட்டு, "நான் தொடவில்லை" என்று நழுவுவதும் ஆண்மை அல்ல.

ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பியின் பெட்டியைத் தூக்கிக் கொடு. மெஸ் எங்கே, நூலகம் எங்கே என்று காட்டு. பழைய நோட்டுகளைக் கொடு. அதுதான் வரவேற்பு!

இல்லையென்றால், உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே தீர வேண்டும். உப்பளத்து ஊர்க்காரனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.